கல்யாண வீடியோக்களுக்கு பிடிஆர்எஃப்எஸ் (Btrfs) ஃபைல் சிஸ்டம் தாங்குமா?

நண்பர்களே, கடலூர் மஞ்சக்குப்பத்தில் சின்னதாக வீடியோ எடிட்டிங் செய்கிறேன். 4 டிபி டிஸ்க் இரண்டு, முழுக்கக் கல்யாணங்கள். இதுவரை ஃபைல் சிஸ்டம் (டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கிவைக்கும் முறை) எக்ஸ்ஃபேட்தான். விண்டோஸ், மேக் இரண்டிலும் எழுதலாம். ஃபேட்32 போல 4 ஜிபி ஃபைலுக்கே முரண்டு பிடிக்காது. ஆனால் ஜர்னல் (செய்யப்போகும் மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவு) கிடையாது. போன வாரம் காப்பி ஓடும்போதே கரண்ட் போய்விட்டது. வந்தபின் திறந்தால் முகூர்த்த ஃபோல்டர் காலி! பாதியை மீட்டேன், தாலி கட்டும் இடத்தில் மட்டும் பச்சைப் பச்சையாகக் கட்டங்கள். பெண்ணின் அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

பழைய கணினியில் லினக்ஸ் போட்டு பிடிஆர்எஃப்எஸ்ஸுக்கு மாறலாமா என்று யோசனை. செக்சம் (தரவு மாறியதா என்று பார்க்க உதவும் சரிபார்ப்பு எண்) வைத்துக் கெட்ட தரவைக் கண்டுபிடிக்கும், ரெய்டு1 (இரண்டு டிஸ்க்கிலும் ஒரே தரவு) என்றால் நல்ல பிரதியிலிருந்து தானே சரிசெய்யும். ஸ்னாப்ஷாட், அதாவது ஃபைல்கள் அந்த நேரத்தில் இருந்த நிலையின் பதிவு, நொடியில் எடுக்கலாம் (அது பேக்கப் ஆகாது, தெரியும், அதே டிஸ்க்தானே). ரெய்டு5 (தரவைப் பல டிஸ்க்குகளில் பிரித்து எழுதும் முறை) பக்கம் போகாதே என்கிறார்கள். சரி, போகவில்லை.

டிஸ்க் கிட்டத்தட்ட நிரம்பிவிட்டால் திணறுமா? இதேபோல இன்னொரு ஃபைல் சிஸ்டமான இசட்எஃப்எஸ் (ZFS) என்றால் 8 ஜிபி ரேம் போதுமா? அப்புறம், மேக்கிலிருந்து நெட்வொர்க் வழியாக எடிட் செய்பவர்கள் யாராவது உண்டா? புதுச்சேரியில் இருந்தால் நேரிலேயே வந்து பார்த்துவிடுகிறேன்.