'ஃபெதரிங்' என்பதற்குத் தமிழ்ச் சொல்: கார் பெயின்ட் ஓரத்தைத் தேய்க்கும் வேலைக்கு

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வீட்டிலேயே கார் பழுது பார்ப்பவர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ஒடுக்கு எடுப்பது, பட்டி பூசுவது, உப்புத்தாள், பிரைமர் (அடிப்பூச்சு) எல்லாம் தடையின்றி வந்துவிட்டன. 'ஃபெதரிங்' என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. வெள்ளிக்கிழமை பக்கங்கள் வடிவமைப்புக்குப் போக வேண்டும்.

செயல் இதுதான். பெயின்ட் பெயர்ந்த இடத்தில், வெறும் தகடும் பழைய பெயின்டும் சந்திக்கும் ஓரம் படியாக நிற்கும். தொழிற்சாலையில் அடித்த அடுக்குகள் எல்லாம் சேர்ந்தே ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் கனம்தான். ஆனாலும் அந்தப் படியை விட்டுவிட்டுப் புதுப் பெயின்ட் அடித்தால், காய்ந்தபின் வெளிச்சத்தில் கோடு தெரிந்துவிடும். அதனால் ஓரத்தைச் சுற்றிலும் தேய்த்து, கனம் சிறிது சிறிதாகக் குறைந்து தகட்டோடு முடியும்படி செய்கிறார்கள். 'இறகு விளிம்பு' என்று எழுதலாமா?

தமிழாசிரியர்:

அம்மா, வேண்டவே வேண்டாம். இறகின் ஓரம் மெலிந்து முடிவதை வைத்து ஆங்கிலத்தார் பெயரிட்டார்கள். அது அவர்கள் கண்ட உவமை. நம் வாசகர் 'இறகு விளிம்பு' என்று படித்தால் பறவையைத்தான் நினைப்பார்; தேய்க்க வேண்டும் என்று நினைக்க மாட்டார். வினையிலிருந்து தொடங்குங்கள்.

பணிமனைப் பயிற்றுநர்:

ஆசிரியர் ஐயா சொன்னதை ஏற்கிறேன். என் மாணவர்களிடம் 'படி போகும்வரை தேய்' என்றுதான் சொல்கிறேன். ஆகவே 'படிநீக்கம்'.

கையேட்டில் இதையும் சேர்த்துவிடுங்கள், அம்மா. உப்புத்தாளை விரலில் வைத்து அழுத்தினால் விரல் போன வழியே பள்ளம் விழும். கட்டையில் சுற்றித்தான் தேய்க்க வேண்டும். முதலில் எண் 180, பிறகு 240. எண் கூடக்கூடத் தாளில் ஒட்டியுள்ள பரல் (தேய்க்கும் துகள்) நுண்மையாகும். தேயத் தேயத் தெளிபூச்சு, நிறப்பூச்சு, பிரைமர், தகடு என்று வளையம் வளையமாகத் தெரியும். வளையங்கள் அகலமாக இருந்தால் சரிவு நன்றாக அமைந்திருக்கிறது. நூல்போல் ஒடுங்கியிருந்தால் படி இன்னும் போகவில்லை. கண்ணை நம்பாமல் உள்ளங்கையால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். முகக்கவசம் கட்டாயம், அந்தத் தூசி மூச்சில் போகக் கூடாது.

அகராதித் தொகுப்பாளர்:

'படிநீக்கம்' என்பது காதில் 'பணிநீக்கம்' என்று விழுகிறது. அதோடு 'படி' என்றால் நகல், பயணப்படி, அளக்கும் படி என்று ஏற்கெனவே மூன்று வேலை பார்க்கும் சொல்.

என் முன்மொழிவு 'கரைப்பு'. கரை என்றால் ஓரம். கரை என்றால் கரைத்தல். கரையைக் கரைப்பதுதான் இந்த வேலை! பெயரும் வினையும் ஒரே வடிவத்தில் கிடைக்கும்போது விட்டுவிடலாமா? ஆற்றங்கரைக்கும் இதே வேராக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. நீர் அரித்துக் கரைக்கும் இடம் கரை. தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

பணிமனைப் பயிற்றுநர்:

அழகான சொல்தான், அண்ணா. ஆனால் தேய்த்து முடித்ததும் அடுத்த வரியில் 'கரைப்பான் கொண்டு துடை' என்று வரும். பெயின்டை இளக்கும் திரவத்துக்குக் கரைப்பான் என்பது பாடநூல்களில் நிலைத்துவிட்டது. படிப்பவர் ஓரத்தையும் அதை ஊற்றியே கரைக்கப் பார்ப்பார். பழைய பெயின்டின் ஓரம் கரைப்பானில் ஊறினால் சுருங்கி எழும்பிவிடும். சொல் குழப்பம் இங்கே வேலையையே கெடுத்துவிடும்.

தமிழாசிரியர்:

அப்படியானால் 'இழைத்தல்'. சந்தனத்தை இழைக்கிறோம், தச்சர் மரத்தை இழைக்கிறார். தேய்த்து நேர்த்தியாக்குவது என்ற பொருள் வழக்கிலேயே இருக்கிறது. 'இழைத்துணர்ந்து ஈண்டிய கேள்வி யவர்' என்ற குறளில் (417) அதே வினை நுணுகி ஆராய்வதைக் குறிக்கிறது. ஒரு குரல் இன்னொரு குரலோடு இழைகிறது என்கிறோம். எங்கே ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்கியது என்று தெரியாத நிலை அது. பழைய பெயின்டும் தகடும் அப்படித்தானே சேர வேண்டும்? தொல்காப்பியர் செய்யுளின் எட்டு வனப்புகளில் (அழகுகளில்) ஒன்றுக்கு 'இழைபு' என்றே பெயர் வைத்தார். வல்லொற்று (க், ச், ட், த், ப், ற்) இடறாமல் நடக்கும் செய்யுள் என்று உரையாசிரியர்கள் விளக்குவார்கள். இடறல் இல்லாத ஓரத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் உண்டா? 'விளிம்பிழைப்பு' என்று வையுங்கள்.

அகராதித் தொகுப்பாளர்:

'விளிம்பிழைப்பு' என்ற சொல்லிலேயே வல்லொற்று இடறுகிறது, ஐயா. அது போகட்டும். அநீதி இழைப்பது, துரோகம் இழைப்பது என்பவைதான் இன்றைய செய்தித்தாள் வழக்கு. மேலும் தச்சர் இழைத்தால் சீவல் விழும். இங்கே தகட்டைத் தொடவே கூடாது. பெயின்ட் மட்டும்தான் தேய வேண்டும். சொல்லைப் பார்த்ததும் பொருள் விளங்க வேண்டாமா?

தமிழாசிரியர்:

எதற்கு விளங்க வேண்டும்? உப்புத்தாளில் உப்பு இருக்கிறதா? யாராவது ஒருவர் அதைக் கேட்டு வேலையை நிறுத்தியது உண்டா? 'மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா', அதாவது ஒரு சொல்லுக்கு அந்தப் பொருள் வந்த காரணம் பார்த்ததும் புலப்படாது என்று தொல்காப்பியமே சொல்லிவிட்டது. ஒரு சொல் கைக்குப் பழகினால் போதும். காரணம் காட்டு என்று புதுச்சொல்லை மட்டும் நிறுத்திக் கேட்பது நியாயம் இல்லை. ஃபெதரிங் என்று எழுதும்போது இந்தக் கேள்வியை ஒருவரும் எழுப்புவதில்லை.

பணிமனைப் பயிற்றுநர்:

அந்தக் கேள்வி எழாததற்குக் காரணம், பணிமனையில் அந்தச் சொல்லோடு கையும் சேர்ந்து கற்றுக்கொடுக்கப்படுகிறது, ஐயா. கையேட்டை வைத்துக்கொண்டு தனியாக நிற்பவருக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. அவருக்குச் சொல்லே பாதி வழி காட்டியாக வேண்டும்.

மொழிபெயர்ப்பாளர்:

எல்லோருக்கும் நன்றி. தனி மடலில் கருத்துச் சொன்னவர்களில் பெரும்பாலோர் 'இழைத்தல்' பக்கமே நிற்கிறார்கள். புணர்ச்சியைப் பிரித்து 'விளிம்பு இழைத்தல்' என்று எழுதுகிறேன். முதல் முறை வரும் இடத்தில் 'படி போகும்வரை தேய்த்துச் சரிவாக்குதல்' என்ற விளக்கமும், சொற்பட்டியலில் ஃபெதரிங் என்ற வடிவமும் இருக்கும். வளையங்களைப் பார்த்து அறியும் குறிப்பைப் பெட்டிச் செய்தியாகப் போட்டுவிட்டேன். நாளைக் காலை கோப்பு போகிறது.

பணிமனைப் பயிற்றுநர்:

மகிழ்ச்சி, அம்மா. எனக்கு இன்னும் உடன்பாடு இல்லை. என் வகுப்பில் 'படி எடு' என்றே சொல்வேன். பிரைமர் காய்ந்தபின் எண் 400 தாளை நீரில் நனைத்துத் தேய்ப்பார்களே, அதற்கு என்ன எழுதியிருக்கிறீர்கள்?

அகராதித் தொகுப்பாளர்:

'நீரிழைப்பு' என்று யாரும் தொடங்கிவிடாதீர்கள். அது நீரிழிவு என்று படிக்கப்படும். 'ஈரத்தேய்ப்பு' போதும். 'கரை' பற்றிய மடல் ஞாயிறன்று வரும்.