படகுக் கொட்டகையில் நடந்தவை: அனுபவப் பகிர்வு

ஃபைஃப் கரையில் வசிப்பவர்

ஊர் மக்கள் சேர்ந்து பிளைவுட்டில் கட்டித் துடுப்புப் போடும் செயின்ட் ஏல்ஸ் ஸ்கிஃப் படகைக் கட்டியவர்கள் இங்கே பலர் இருப்பதால் அதைப் பற்றி நான் அதிகம் விளக்கப் போவதில்லை. ஒரு பிப்ரவரி மாதத்துச் செவ்வாய்க்கிழமை மாலை ஸ்காட்லாந்தில் உள்ள எங்கள் கிராமத்துக் கொட்டகையில் நடந்ததை யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்றே எழுதுகிறேன். அன்று இடப்பக்கத்து இரண்டாம் பலகையை ஒட்டினோம். பிசினையும் அதை இறுகவைக்கும் ஹார்டனரையும் சேர்த்து எப்பாக்ஸிப் பசை கலந்து கொடுப்பது என் பொறுப்பு. இரண்டாவது கிண்ணத்துக்குப் பிசினை எடுத்துக்கொண்டிருந்தபோது ஒருவர் வந்து இழைப்புளி எங்கே என்று கேட்டார். பதில் சொல்லித் திரும்பியதும், ஹார்டனரை ஊற்றினேனா என்ற ஐயம் வந்தது. ஊற்றியிருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கலக்கிக் கொடுத்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து, பலகையை இறுக்கிப் பிடித்திருந்த கிளாம்புகளைக் கழற்றினோம். பலகையின் முன்பாதி அசையாமல் நின்றது. அமரத்துப் பக்கத்து, அதாவது பின்பக்கத்துப் பாதி மெல்ல வாய் திறந்து, பசை பலாப்பால் போல நூல் நூலாக இழுத்துக்கொண்டு வந்தது. எங்களை வழிநடத்திய முதியவர் அதை விரலால் தொட்டுப் பார்த்தார். கலந்தது யார் என்று அவர் கேட்கவில்லை. “சுரண்டிவிடலாம்” என்று மட்டும் சொன்னார். ஆறு பேர் இரண்டு மாலைப் பொழுதுகள் அதைச் சுரண்டி, அசிட்டோன் என்ற கரைப்பான் தொட்டுத் துடைத்தார்கள். அந்த ஆறு பேரில் நானும் ஒருத்தி. கடைசிவரை நான் வாய் திறக்கவில்லை.

உல்லாப்பூல் பக்கத்தவர்

சகோதரி, அவர் கேட்காமல் விட்டதே உங்களுக்கான பதில் என்று எனக்குத் தோன்றுகிறது. ஊர் கூடிக் கட்டும் படகில் ஒருவர் பிழையை ஆறு பேர் சுரண்டுவதுதான் முறை. அதை இத்தனை காலம் மனத்தில் சுமக்க வேண்டியதில்லை.

எனக்கும் மறக்க முடியாத ஒன்று உண்டு. படகைக் கவிழ்த்து வைத்துத்தானே பலகை ஏற்றுகிறோம்? உள்ளே பிதுங்கி வரும் பசையை அது இறுகும் முன் வழித்தெடுக்க, உடல் ஒல்லியாக இருக்கிறது என்று என்னை அனுப்பினார்கள். படகுக்கு வடிவம் தரும் அச்சுச் சட்டங்களுக்கு இடையே மல்லாந்து கிடந்து, தலைவிளக்கின் ஒளியில் ஒவ்வொரு மூட்டாக வழித்துக்கொண்டே போனேன். மேலே பத்துப் பதினைந்து பேர் பேசிக்கொண்டு கிளாம்பு முறுக்குவது, மழைக்காலத்தில் ஓட்டு வீட்டுக்குள் படுத்திருப்பவனுக்குக் கூரைச் சத்தம் கேட்பது போலக் கேட்டது. சில மாதங்கள் கழித்து ஊரே வந்து படகைத் தூக்கி நிமிர்த்திய நாளில் எல்லோரும் அதன் வடிவைக் கண்டு கைதட்டினார்கள். நான் மட்டும் படகின் முன்முனையான அணியத்துக்கு அருகே, என் கை எட்டாமல் போன இடத்தில், தேன் நிறத்தில் இறுகி நின்ற சொட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். பதினொன்று இருந்தன.

எடின்பரோவில் இருப்பவர்

உல்லாப்பூல் நண்பர் சொல்வதை நான் ஏற்கவில்லை. குற்றம் சுமத்துவதற்காக இல்லாவிட்டாலும், எந்தக் கிண்ணம் கெட்டது என்று தெரிந்தால்தான் அந்தப் பசை வேறு எங்கெல்லாம் போயிற்று என்று தேட முடியும். அன்றே சொல்லியிருந்தால் பசை ஈரமாக இருக்கும்போதே துடைத்திருக்கலாம்.

என் கதை சிறியது. கையுறை கிழிந்ததைக் கவனிக்காமல் மூன்று வாரம் வேலை செய்தேன். மணிக்கட்டு முழுவதும் தடித்துச் சிவந்து, இன்றுவரை எப்பாக்ஸி இருக்கும் அறைக்குள் போனாலே அரிக்கிறது. துடுப்பு இழைக்கும் வேலை மட்டுமே இப்போது எனக்கு மிஞ்சியிருக்கிறது.

ஆகவே புதிதாகத் தொடங்குபவர்கள் சிலவற்றை மனத்தில் வைக்க வேண்டும். பிசினுக்கும் ஹார்டனருக்கும் உள்ள விகிதம் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். சிலவற்றில் ஐந்துக்கு ஒன்று, சிலவற்றில் இரண்டுக்கு ஒன்று. பம்பை நம்புவதைவிடத் தராசில் நிறுத்துக் கலப்பது நல்லது; ஆனால் எடைக்கான விகிதமும் கொள்ளளவுக்கான விகிதமும் ஒன்றல்ல என்பதால் டப்பாவில் எழுதியிருப்பதைப் படித்த பிறகே நிறுக்க வேண்டும். ஹார்டனரைக் கூட்டினால் விரைவில் இறுகும் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படிச் செய்தால் ஒட்டு பலமிழக்குமே தவிர வேகம் வராது. ஆழமான கிண்ணத்தில் நிறையக் கலந்து வைத்தால் அது தானே சூடாகிப் புகைவிடும் என்பதால், கலந்ததும் அகன்ற தட்டில் பரப்பிவிட வேண்டும். குளிர்காலக் கொட்டகையில் இறுகுவதற்குப் பல மடங்கு நேரமாகும். கையில் பட்டதை ஒருபோதும் கரைப்பானால் துடைக்கக் கூடாது, அது பசையைத் தோலுக்குள் கொண்டுபோய்விடும். சோப்பும் தண்ணீருமே போதும். ஒவ்வொரு கிண்ணத்தின் மீதும் கலந்த நேரத்தையும் கலந்தவர் பெயரையும் எழுதி, மிச்சத்தை மறுநாள்வரை எறியாமல் வைத்திருந்தால், இறுகியதா என்பதைக் கிண்ணமே காட்டிவிடும்.

தூத்துக்குடிக்காரர், இப்போது கிளாஸ்கோவில்

தோணி கட்டுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். பலகை இடுக்கில் பஞ்சுத் திரியை உளியால் அடித்து இறக்கும் கலப்பத்து ஓசை இன்னும் என் காதில் இருக்கிறது. எந்திரத்தில் வெட்டிக் கட்டாக வந்து இறங்கும் பிளைவுட்டை ஒட்டுவதைப் படகு கட்டுதல் என்று ஏற்க என் மனம் இடங்கொடுக்கவில்லை. ஆனாலும் ஒரு நாள் பார்க்கப் போனவன், ஒரு பள்ளிச் சிறுமி இழைப்புளியைத் தள்ளிச் சுருள் சுருளாகச் சீவல் விழுந்தபோது அதைக் காதில் கம்மலாக மாட்டிக்கொண்டதைப் பார்த்து, மாலைவரை அங்கேயே நின்றுவிட்டேன்.

வட அயர்லாந்தின் ஸ்ட்ராங்ஃபர்ட் கடற்கழிக் கரையிலிருந்து

தூத்துக்குடி அண்ணாச்சிக்கு ஒரு மறுப்பு. ஆன்ஸ்ட்ருதரில் உள்ள ஸ்காட்லாந்து மீன்பிடி அருங்காட்சியகம் இந்தப் படகை வடிவமைக்கச் சொன்னதே, உளி பிடித்தறியாதவர்கள் கட்ட வேண்டும் என்பதற்காகத்தான். ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஃபேர் தீவின் பழைய படகைப் பின்பற்றிப் படகு வடிவமைப்பாளர் இயன் ஆட்ரெட் வரைந்தார். 2009-இல் முதல் படகு தயாராகி, 2010-இல் முதல் போட்டி நடந்தது. இருபத்திரண்டு அடி நீளத்தில் எல்லாப் படகும் ஒரே உருவாக இருப்பதால்தான் ஊருக்கு ஊர் நேர்மையாகப் போட்டியிட முடிகிறது. வெட்டிக் கட்டாக வருவது பலகைகளும் அச்சுகளும்தான். ஓடு வேய்வது போலப் பலகைமேல் பலகை ஏறி உட்காரச் சரிவு சீவுவது நம் கைதான். ஒரே ஒரு சரிவுக்காக நான் நான்கு மாலைகள் செலவிட்டிருக்கிறேன்.

2016-இல் இங்கே இந்தப் படகுகளுக்கான உலகப் போட்டி நடந்தபோது, கரையில் வரிசையாக நின்ற படகுகளின் மூட்டுகளைப் பார்வையாளர்கள் விரலால் தடவிக்கொண்டே போனார்கள். எங்கள் படகருகே ஒரு பெண்மணி நின்று, நான் செதுக்கிக் கெடுத்து மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்த இடத்தின் மீது சரியாக விரலை வைத்தார். வண்ணம் பூசிய பிறகு அது கண்ணுக்குத் தெரியாது. அவர் எதுவும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஃபைஃப் கரையில் வசிப்பவர்

எடின்பரோ ஐயா கேட்டது நியாயம். வேறு எங்கும் அந்தப் பசை போகவில்லை. கிண்ணம் முழுவதும் அந்த ஒரே பலகைக்குத்தான் தீர்ந்தது என்பது எனக்கு நினைவிருக்கிறது. மறுபடி ஒட்டிய பிறகு அங்கே ஒரு துளி நீரும் கசிந்ததில்லை. ஆனாலும் துடுப்புப் போட ஏறும் ஒவ்வொரு முறையும், என் இருக்கை எதுவானாலும், முதலில் குனிந்து இடப்பக்கத்து இரண்டாம் பலகையைத்தான் பார்க்கிறேன். அந்த முதியவர் எங்களோடுதான் இன்னும் இருக்கிறார். சுக்கான் பிடிப்பவர் அவரே. நான் குனிந்து பார்ப்பதை அவர் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். வரும் செவ்வாய்க்கிழமை சொல்லிவிடுகிறேன்.