புதுப்பிப்பு: டர்போ வண்டியின் நீலப்புகைக்குக் காரணம் தெரிந்தது

என் ஒரு லிட்டர் எஞ்சின் உள்ள டர்போ பெட்ரோல் வண்டி காலையில் நீலப்புகை விடுகிறது, ஆயிலும் குறைகிறது என்று போன மாதம் எழுதியிருந்தேன் அல்லவா, உச்சிப்புளி மெக்கானிக் அண்ணன் டர்போவை (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் பாகம்) கழற்றிப் பார்த்துவிட்டார். ஆயில் குழாய்க்குள் கருகிய ஆயில் கரியாக ஒட்டிக் கிடந்தது, டர்போவின் நடுவில் சுழலும் தண்டை விரலால் தொட்டாலே ஆடுகிறது. நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் தண்டு, அதைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம்தான். ஆயில் சரியாகப் போகாமல் தண்டு தேய்ந்து, அந்த வழியாகக் கசிந்த ஆயில் எரிந்ததுதான் நீலப்புகை. பாம்பன் பாலம் தாண்டி விரட்டி வந்து, சூடு ஆறுமுன் எஞ்சினை அணைத்ததும், ஆயிலை 10,000 கி.மீ. வரை இழுத்ததும் என் தப்பு. இனி 5,000-தான், அணைக்குமுன் ஒரு நிமிடம் ஐடிலிங் (வண்டியை நிறுத்தி எஞ்சினை மட்டும் ஓட விடுவது). அப்புறம், டர்போ அழுத்திய சூடான காற்றைக் குளிர வைக்கும் இன்டர்கூலரின் தகடுகளில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. கடலோரத்தில் இருப்பவர்கள் நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள். சரி, மைலேஜ் நன்றாக இருப்பதால் வண்டியை விற்கவில்லை.