மழைக்காலத்தில் ரப்பர் பால்வெட்டைத் தொடர்வது எப்படி?

கேள்வி (குலசேகரம், கன்னியாகுமரி மாவட்டம்): நம் மாவட்டத்தில் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெய்வதால், விடியற்காலையில் வெட்டிய பால் சிரட்டையிலேயே மழைநீரோடு வழிந்து வீணாகும் நாட்கள் பல. வானத்தை நம்ப முடியாத இந்நிலையை எவ்வாறு சமாளிக்கிறீர்கள்?

பதில் 1: வெட்டுப்பட்டைக்கு (பாலெடுக்கப் பட்டையைச் சீவும் இடத்துக்கு) மேலே மரத்தைச் சுற்றி பிளாஸ்டிக் பாவாடை கட்டி, தார்ப்பசையால் இடைவெளியின்றி ஒட்டுகிறோம். சிறு இடைவெளி இருந்தாலும் நீர் இறங்கிப் பட்டை அழுகிவிடும். ஆகவே முதல் மழை முடிந்ததும் ஒவ்வொரு மரமாகப் பார்த்துவிடுங்கள், ஐயா.

பதில் 2: பால் வருமானம் இல்லாத நாட்களுக்காக என் தந்தை தோட்டத்தில் தேன்பெட்டிகளும் வைத்தார். ரப்பர் இலையுதிர்த்துத் தளிர்விடும் ஜனவரி முதல் மார்ச் வரை, இலைக்காம்பில் சுரக்கும் மதுவைத் தேனீக்கள் சேகரிக்கின்றன. வெட்டில்லாத அந்நாட்களில் தேன்தான் எங்களுக்குக் கைகொடுத்தது.

கேள்வி கேட்டவர்: மழை தொடங்கிய பின்னும் பாவாடை ஒட்டலாமா?

பதில் 1: பட்டை நன்கு காய்ந்திருக்கும்போதே ஒட்டுங்கள், ஈரத்தில் பசை பிடிக்காது.