கண்ணுக்குக் கீழே ஒரு ஃபில்லர், கன்னத்துக்கு வேறொன்று: இரண்டும் ஒரே அமிலம்தானே?

வானதி:
அக்கா போன வருடம் ஒரு கிளினிக்கில் கண்ணுக்குக் கீழே இருந்த குழிக்கு ஃபில்லர், அதாவது குழியை நிரப்ப ஊசியில் ஏற்றும் ஜெல், போட்டுக்கொண்டாள். இப்போது அந்த இடம் லேசாக நீலம் பாரித்திருக்கிறது, காலையில் எழுந்தால் வீங்கியும் இருக்கிறது. வேறொரு தோல் மருத்துவரிடம் காட்டினோம், கன்னத்துக்குப் போடுகிற கெட்டி ஜெல்லை இங்கே போட்டிருப்பார்கள் போல என்றார். பெட்டியில் ஹையலூரோனிக் அமிலம், மில்லிக்கு 24 மில்லிகிராம் என்றுதான் இருக்கிறது. ஒரே அமிலம் என்றால் கெட்டி, இளக்கம் எங்கிருந்து வருகிறது? தானாகக் கரையுமா? அவள் கண்ணாடி பார்ப்பதையே விட்டுவிட்டாள்.

கண்ணன்_பாலிமர்:
அந்த 24 என்ற எண்ணை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. இந்த அமிலம் நம் உடம்பிலேயே இருக்கிறது, 70 கிலோ ஆளுக்குச் சுமார் 15 கிராம், அதில் மூன்றில் ஒரு பங்கு தினமும் சிதைந்து புதிதாக உருவாகிறது. அதனால் அப்படியே ஊசியில் ஏற்றினால் சில நாளில் காணாமல் போய்விடும். இதைத் தடுக்கத்தான் நீளநீளமான சங்கிலிகளைக் காரக் கரைசலில் வைத்து, பெரும்பாலும் பி.டி.டி.இ. என்ற வேதிப்பொருளால் ஒன்றோடொன்று முடிச்சுப் போடுகிறார்கள். தனித்தனியாகக் கிடந்த நூல் மீன்வலை ஆகிறது. எத்தனை முடிச்சு, சங்கிலி எவ்வளவு நீளம், ஜெல்லை எப்படித் துகளாக்கினார்கள் என்பதைப் பொறுத்துக் குணம் மாறும்.

நான் இரண்டு வகை ஜெல்லைக் கண்ணாடித் தகட்டில் பிதுக்கிப் பார்த்திருக்கிறேன். ஒன்று நுங்கு மாதிரி குவியலாக நின்றது, விரலால் அழுத்திவிட்டால் திரும்பவும் எழும்பியது. இன்னொன்று மெல்லப் பரவி ஓரம் தட்டையானது. இந்த எதிர்ப்பைத்தான் ஜி பிரைம் என்று பாஸ்கல் கணக்கில் அளக்கிறோம். தாடை, கன்ன எலும்பின் மேல் தூக்கி நிறுத்த அது அதிகம் வேண்டும், கண்ணுக்குக் கீழே தோல் அவ்வளவு மெல்லிசு என்பதால் குறைவாக இருப்பது நல்லது. ஆனால் வீக்கம் வேறு விஷயம். கெட்டியாக இருப்பதால் மட்டும் வீங்காது, ஜெல்லுக்கு இன்னும் தண்ணீர் இழுக்கும் தாகம் மிச்சம் இருந்தால்தான் வீங்கும். அப்புறம், கெட்டி ஜெல் மெல்லிய ஊசியில் எப்படிப் போகிறது என்று பலர் கேட்பார்கள்: அழுத்தினால் இளகும், அழுத்தம் போனதும் பழையபடி இறுகும்.

டாக்டர்_தோல்:
நீல நிறத்துக்கு டிண்டால் விளைவு காரணமாக இருக்கலாம். ஜெல் தோலுக்கு மிக மேலாகப் படிந்தால் வெளிச்சத்தில் நீலப் பகுதி அதிகம் சிதறித் திரும்பும். அதைத் தேய்த்துவிடாதீர்கள். ஹையலூரோனிடேஸ் என்ற நொதியை அளவாகப் போட்டால் இந்த வகை ஜெல் கரையும், தானாகக் கரைய மாதக்கணக்கில், சிலருக்கு அதைவிடவும் ஆகும். அக்காவுக்குத் தேனீ கொட்டிப் பெரிய ஒவ்வாமை வந்திருந்தால் நொதி போடுமுன் கட்டாயம் சொல்லுங்கள், தேனீ விஷத்திலும் இதே வகை நொதி இருக்கிறது.

இதைப் படிக்கிற எல்லோருக்கும் ஒன்று: ஃபில்லர் போட்டபோதோ அடுத்த சில மணி நேரத்திலோ கடும் வலி, தோல் வெளுப்பது, வலை மாதிரித் திட்டு, பார்வை மங்கல் என்று எது வந்தாலும் காலை வரை காத்திருக்க வேண்டாம், உடனே ஓடுங்கள். ரத்தக் குழாய் அடைபட்டிருக்கலாம்.

செல்வி_கோவை:
வானதி, பெட்டியில் என்ன பெயர் என்பதை மறுபடி நன்றாகப் பாருங்கள்மா. எனக்குக் கன்னத்தில் போட்டது கால்சியம் ஹைட்ராக்சிஅபடைட், எலும்பில் இருக்கிற அதே வகைக் கனிமம், 25 முதல் 45 மைக்ரான் உருண்டைகள். சின்னக் கட்டி வந்தபோதுதான் அந்த நொதி இதைக் கரைக்காது என்றே எனக்குத் தெரிந்தது. போடுமுன் யாரும் சொல்லவில்லை, இன்றும் அந்தக் கோபம் போகவில்லை.

வானதி:
பார்த்துவிட்டேன் செல்வி அக்கா, ஹையலூரோனிக் அமிலம்தான், ஸ்டிக்கரில் பேட்ச் எண்ணும் இருக்கிறது. தேனீ ஒவ்வாமை எதுவும் அவளுக்கு இல்லை. வெள்ளிக்கிழமை அந்த ஸ்டிக்கரோடு கூட்டிக்கொண்டு போகிறேன்.