புதுப்பிப்பு: போர்கீஸ் கேலரி டிக்கெட் விஷயம்
ரோம்ல இருக்குற போர்கீஸ் கேலரிங்கிற கலை மியூசியத்துக்கு முன்னாடியே டைம் ஸ்லாட் எடுக்கணுமா, நேரா போனா போதுமான்னு போன மாசம் கேட்டிருந்தேன்ல, போயிட்டு வந்துட்டேன். நீங்க சொன்ன மாதிரி புக் பண்ணிட்டுப் போனது ரொம்ப நல்லதாப் போச்சு. ஒரு ஸ்லாட்டுக்கு 2 மணி நேரம்தான், முடிஞ்சதும் எல்லாரையும் வெளிய அனுப்பிடுறாங்க, பையை வேற கீழ ஒப்படைக்கணும், அதனால கொஞ்சம் சீக்கிரமே போயிடுங்க. சிற்பி பெர்னினி 1622லேருந்து 1625 வரைக்கும் செதுக்குன அப்பல்லோ-டாஃப்னி சிலைய சுத்திச் சுத்தி வந்தேன், கிரேக்கக் கதையில அப்பல்லோ துரத்த டாஃப்னி மரமா மாறுற காட்சி அது, அவ விரல் நுனியெல்லாம் இலையா மாறுது, பளிங்குன்னு நம்பவே முடியல, அங்கயே அரை மணி நேரம் போயிடுச்சு. மாடியில டிஷியன்ங்கிற ஓவியர் வரைஞ்ச ஓவியத்துக்கு 10 நிமிஷம்தான் மிஞ்சுச்சு, மனசே இல்லாம இறங்குனேன். அடுத்த தடவை மாடியிலேருந்துதான் ஆரம்பிப்பேன்.