எம்.எல்.ஏ. கண்மாயை மறந்துவிட்டார். எப்படிக் கேட்பது?

கரைமேட்டான்:
2021 தேர்தலில் எங்கள் ஊர்க் கண்மாயில் மிஞ்சிய தண்ணீர் வெளியேறும் கலுங்குப் பக்கமே பிரச்சார வேனை நிறுத்தி, "ஜெயித்த மறுமாசமே வரத்துக்கால் ஆக்கிரமிப்பை எடுத்துடுவேன்" என்று மைக்கில் சொன்னார். ஜெயித்தும் விட்டார். கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் அந்த வரத்துக்காலில் இருந்த செங்கல் சூளையோடு இப்போது ஒரு காம்பவுண்டுச் சுவரும் சேர்ந்திருக்கிறது. போன ஐப்பசியில் நல்ல மழை. தண்ணீர் பாதி வழியில் திரும்பி ரோட்டில் ஓடியது, கண்மாயில் முழங்கால் அளவுதான். மூன்று மனு கொடுத்தாயிற்று. "பார்க்கிறேன்" என்பதோடு சரி. இனி என்ன செய்யலாம்?

தலையாரி மகன்:
கண்மாய் யாருடையது என்று முதலில் பாருங்கள் தம்பி. ஆயக்கட்டு, அதாவது கண்மாய்த் தண்ணீர் பாயும் நிலம், 100 ஏக்கருக்கு மேல் என்றால் நீர்வளத் துறை, குறைவு என்றால் ஊராட்சி ஒன்றியம். பெரிய கண்மாய் என்றால் 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்புச் சட்டப்படி அளந்து நோட்டீஸ் கொடுக்க வேண்டியது அதிகாரிகள். எம்.எல்.ஏ. நேராக ஜே.சி.பி. அனுப்ப முடியாது. இதைத் தெரிந்துகொள்ளாமல் போனால், "அது என் வேலையில்லை" என்று ஒரே வரியில் அனுப்பிவிடுவார். நிலத்தை அளந்து வரைந்த அரசு வரைபடமான புலப்படத்தையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாய்க்கால் அதில் வாய்க்காலாகவே இருக்க வேண்டும்.

செல்வி அக்கா:
அவர் வேலை எது என்று காகிதத்திலேயே இருக்கிறது. 2022 ஆகஸ்டில் முதலமைச்சர் எல்லா எம்.எல்.ஏ.க்களிடமும் தொகுதியின் முக்கியமான பத்துக் கோரிக்கைகளைக் கலெக்டரிடம் கொடுக்கச் சொன்னார். எங்கள் எம்.எல்.ஏ. கொடுத்த பட்டியலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டேன். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், கலெக்டர் ஆபீஸ் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு பக்கக் கடிதம், அவ்வளவுதான். 30 நாளில் பதில் தர வேண்டும். எனக்கு முதல் மேல்முறையீட்டுக்குப் பிறகுதான் வந்தது.

பட்டியலில் பைபாஸ், பஸ் ஸ்டாண்டு, கல்லூரி எல்லாம் இருந்தன. எங்கள் கண்மாயைக் காணோம். மார்ச் 22 தண்ணீர் தின கிராம சபையில் பத்தையும் சத்தமாக வாசித்தேன். சாயங்காலமே அவருடைய உதவியாளர் போன் பண்ணினார். அடுத்த மாதம் சர்வேயர் வந்து கல் நட்டார். அதில் ஒரு கல்லை இரண்டே வாரத்தில் யாரோ பிடுங்கிப் போட்டுவிட்டார்கள், அது வேறு கதை.

நாட்டாமை இல்லாதவன்:
கிராம சபையில் நுழைந்ததும் கையெழுத்துப் போடாதீர்கள். தீர்மானத்தை எழுதி, வாசித்த பிறகு போடுங்கள். எங்கள் ஊரில் வெற்றுப் பக்கத்தில் வாங்கிவிட்டு, கண்மாய்த் தீர்மானத்துக்குப் பதில் தெருவிளக்கை எழுதிவிட்டார்கள்.

கரைமேட்டான்:
நன்றி அக்கா. பட்டியல் கேட்டுத் திங்கட்கிழமை போடுகிறேன். வேன் பேச்சு மச்சான் போனில் வீடியோவாக இருக்கிறது. அடுத்து ஓட்டுக் கேட்டு வரும்போது அதே கலுங்கில் ஸ்பீக்கர் வைத்துப் போட்டுக் காட்டலாமா, வம்பாகிவிடுமா?

செல்வி அக்கா:
முதலில் பட்டியல் கைக்கு வரட்டும். வீடியோவை இரண்டு பேர் போனிலாவது ஏற்றி வையுங்கள்.